ஏரியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ முகப்பேர் வந்திருக்கிறீர்கள். இரண்டாவது மாடியில் வீடு. பழக்கதோஷத்தில் காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள், பால் பாக்கெட் இன்னும் வரவில்லை, தொலைக்காட்சி போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். என்ன செய்வது என்று பால்கனியில் உட்கார்ந்திருக்க வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு மேற்கே கிளம்புங்கள். நொளம்பூர் தாண்டினால் அயனம்பாக்கம் ஏரி.

உடம்புக்கு நடை நல்லது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஏரிக்கரையில் ஒரு முறை கண்ணைத் திறந்துகொண்டு நடந்தால், உங்கள் ஊர் ஏரியையும் உங்கள் நிலத்துக் குட்டையையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். ஏரி கெடுவது ஒரே நாளில் நடப்பதில்லை. கரையைச் சுற்றி வர ஆள் இல்லாமல் போன நாளிலிருந்து அது கெடத் தொடங்குகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

நடைக்கு முன்

ஏறுவதற்கு மேடு கிடையாது. அறுபது வயதைத் தாண்டியவர்களும் நிதானமாக நடக்கக்கூடிய சமதளம்தான். ஆனால் கோடையில் ஏரிப்பக்கம் பாலைவனம் மாதிரி இருக்கும். தண்ணீர் உள்ளே ஒடுங்கி, ஓரத்து வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கரையில் நிழல் குறைவு. அதனால் காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். தலையில் ஒரு துண்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு, பேனா. இவை போதும்.

வெடித்த வண்டல் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சேறாக இருக்கும். தண்ணீரை நெருங்க வேண்டும் என்று ஏரிக்குள் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் கரை வழுக்கும், புதரில் பாம்பு இருக்கும். கையில் ஒரு கம்பு நல்லது.

உங்கள் ஏரி எவ்வளவு சுற்றளவு என்று தெரியாவிட்டால் காலடியை எண்ணுங்கள். நடுத்தர உயரமுள்ளவர் ஏறக்குறைய 1,300 அடி எடுத்து வைத்தால் ஒரு கிலோமீட்டர். கரை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள். நம் ஏரிகளுக்குப் பெரும்பாலும் தாழ்ந்த பக்கங்களில்தான் கரை. மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். மழைத்தண்ணீர் வருவது அந்த வழியாகத்தான். ஆக்கிரமிப்பு வருவதும் அநேகமாக அந்த வழியாகத்தான்.

சுற்றி வந்தவர்கள் யார்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிகளின் நாடு. இப்போது அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டையும் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. ஏரிகளும் தனித்தனியாக இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் ரெட்டேரிக்குப் போகும். மேல் ஏரியின் கலங்கல் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. ஒரு சங்கிலி மாதிரி கோத்து வைத்தார்கள்.

அந்தச் சங்கிலியைக் காக்க ஆள் இருந்தார். ஊருக்கு ஊர் பெயர் மாறும். நீர்க்கட்டி என்பார்கள், நீர்ப்பாய்ச்சி என்பார்கள், மடையர் என்றும் சொல்வார்கள். அறுவடையில் அவருக்கு நெல்லில் பங்கு. அவர் வேலையில் பாதி நடைதான். தினமும் கரையைச் சுற்றி வருவார். எலி வளை, நண்டு வளை, புதுக் கசிவு, மதகில் அடைப்பு, வரத்துக் கால்வாயில் விழுந்த மரம் என எல்லாம் அவர் கண்ணில் முதலில் படும். இங்கிருந்து தெற்கே இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்ற தனிக் குழுவே பேசப்படுகிறது. ஏரி மேற்பார்வை நமக்கு ஆயிரம் வருஷத்துப் பழக்கம்.

முகப்பேர்ப் பக்கம் வயல் மனையாக மாறியதும் ஆயக்கட்டு போயிற்று. ஆயக்கட்டு போனதும் நெல்லில் பங்கு கொடுக்க ஆள் இல்லை. நீர்க்கட்டியும் போனார். ஏரி மட்டும் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கரையில் காலையில் நடப்பவர் சர்க்கரை நோய்க்காகவோ மூட்டுவலிக்காகவோ நடப்பவர். அவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களை அழைக்கிறோம்.

முதல் நிறுத்தம்: கரை

கரை மேல் நடக்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். மேல் மட்டம், உள் சரிவு, வெளி அடிவாரம்.

மேல் மட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆள் நடமாட்டத்தாலோ, வண்டி ஏறி இறங்குவதாலோ ஓரிடத்தில் அரை அடி தாழ்ந்திருந்தால், வெள்ளம் வரும் நாளில் அந்த அரை அடியில்தான் தண்ணீர் வழியத் தொடங்கும். மண் கரை மேல் தண்ணீர் வழிந்தால் உடைப்பு நிச்சயம். தாழ்ந்த இடத்தை அடையாளம் வைத்து நோட்டில் எழுதுங்கள்.

உள் சரிவில் அலை அடிக்கும் இடத்தில் கல் பதித்திருப்பார்கள். கல் பெயர்ந்த இடத்தில் மண் அரித்திருக்கும். எலி, நண்டு வளைகள் அங்கேதான் அதிகம்.

வெளி அடிவாரம்தான் மிக முக்கியம். ஏரியில் தண்ணீர் நிற்கும்போது வெளிப்புறம் ஈரம் கசிவது இயல்பு. கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டே இருங்கள். கலங்கலாக, மண்ணோடு வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. கரைக்குள் மண் அரிபட்டு ஒரு குழாய் மாதிரி வழி உண்டாகிவிட்டது என்று பொருள். உடனே பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை ஆட்களுக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்ல வேண்டும். கரையில் தானாக முளைத்த சீமைக் கருவேலத்தையும் கணக்கில் எழுதுங்கள். பெரிய மரத்தை வெட்டியபின் வேர் மட்கினால் அதுவே தண்ணீருக்கு வழியாகிவிடும். செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவதுதான் நல்லது.

இரண்டாம் நிறுத்தம்: மதகு

நகரத்து ஏரிகளில் மதகு பார்க்கப் பரிதாபமாக இருக்கும். பாசனம் இல்லாததால் யாரும் திறப்பதில்லை. திருகு துருப்பிடித்து, வாயில் பிளாஸ்டிக் அடைத்து நிற்கும். மதகுக்குக் கீழே இருந்த வாய்க்கால் எங்கே போயிற்று என்று தேடிப் பாருங்கள். தெருவாகவோ, மதில் சுவராகவோ, சாக்கடையாகவோ மாறியிருக்கும்.

உங்கள் ஊரில் இன்னும் பாசனம் இருக்கிறது. அதனால் மதகைக் கோடையிலேயே திறந்து மூடிப் பாருங்கள். முழுதாக மூடுகிறதா? மூடியபின் எவ்வளவு தண்ணீர் கசிகிறது? ஒரு குடத்தை வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். 15 லிட்டர் குடம் 15 நொடியில் நிரம்பினால் நொடிக்கு ஒரு லிட்டர் கசிவு. ஒரு நாளைக்கு 86,400 லிட்டர். ஒரு மாதத்தில் சுமார் 26 லட்சம் லிட்டர். கடைசித் தண்ணீருக்கு ஏங்கி நிற்கும் நெற்பயிருக்கு அது பெரிய தொகை.

மூன்றாம் நிறுத்தம்: கலங்கல்

உபரி நீர் வெளியேறும் இடம் கலங்கல். அயனம்பாக்கம் ஏரியின் உபரி கூவம் ஆற்றுப் பக்கம் இறங்குகிறது. கலங்கலில் இருந்து ஆறு வரை தண்ணீர் தடையில்லாமல் போக வழி இருக்கிறதா என்பதே கேள்வி. 2015 டிசம்பர் முதல் தேதி கொட்டிய மழையில் சென்னையின் மேற்குப் புறநகர் வெள்ளத்தில் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்தது. பாதையில் வீடு இருந்தது.

கலங்கலில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, யாராவது மண் மூட்டை அடுக்கி உயர்த்தியிருக்கிறார்களா? ஆயக்கட்டுக்காரருக்கு இன்னும் ஒரு அடி தண்ணீர் வேண்டும் என்று ஆசை. ஆனால் உயர்த்திய கலங்கல் பெருமழையில் கரையை உடைக்கும். இரண்டு, யாராவது கலங்கலை உடைத்துத் தாழ்த்தியிருக்கிறார்களா? ஏரிப் பிடிப்பில் பயிர் வைத்தவருக்கும் வீடு கட்டியவருக்கும் ஏரி நிரம்பவே கூடாது என்று ஆசை. இரண்டு பேர் ஆசைக்கும் நடுவில் ஏரி கெடுகிறது. கலங்கல் எந்த மட்டத்தில் கட்டப்பட்டதோ அந்த மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசி முடித்துவிடுங்கள். தண்ணீர் வந்தபின் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

நான்காம் நிறுத்தம்: வரத்துக் கால்வாய்

மேட்டுப் பக்கம் வந்துவிட்டீர்கள். மே மாதம். பத்து நாளாக மழை இல்லை. ஆனாலும் ஒரு கால்வாயில் தண்ணீர் ஓடி ஏரிக்குள் விழுகிறது என்றால் அது என்ன தண்ணீர்? சந்தேகமே வேண்டாம், கழிவுநீர்தான். கருப்பாக, நுரையோடு, அழுகிய முட்டை வாடையோடு இருக்கும். மழையில்லாத நாளில் வரத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஏரிக்கு எளிய பரிசோதனை. ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூக்கும் கண்ணும் போதும்.

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரியும் கழிவுநீரால் கெட்டுக் கிடந்ததுதான். சீரமைத்து, சுற்றிலும் நடைபாதை போட்டு 2019 இல் திறந்தார்கள். முகப்பேரில் இருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான். சுற்றி நடக்கச் சுலபமான இடம் வேண்டும் என்பவர்கள் அங்கே போகலாம். அங்கேயும் நடைபாதையின் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், எந்தெந்த வாயில் வழியாக என்ன தண்ணீர் உள்ளே வருகிறது என்று பாருங்கள். நடைபாதை போட்டதும் ஏரி பிழைத்துவிடாது. வரத்து சுத்தமாக இருந்தால்தான் பிழைக்கும்.

கிராமத்தில் இது நமக்கு வராது என்று நினைக்காதீர்கள். அரிசி ஆலை, கோழிப் பண்ணை, சாயப் பட்டறை, புதிதாக வந்த மனைப்பிரிவு என ஏதாவது ஒன்று வரத்துக் கால்வாயில் குழாயைத் திருப்ப ஒரே இரவு போதும். முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் ஒரு குழாயை அடைப்பதோடு போகும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் வழக்கு.

ஐந்தாம் நிறுத்தம்: தண்ணீரும் மீனும்

இப்போது தண்ணீர் ஓரத்தில் நில்லுங்கள். சூரியன் எழுவதற்கு முன் வந்ததற்குக் காரணம் இதுதான். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் ஒரு நாளில் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில். பகலில் பாசி வெயிலில் ஆக்சிஜன் விடுகிறது. இரவில் பாசியும் மீனும் புழுவும் எல்லாம் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. விடியும் நேரத்தில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை மூச்சுக்குத் திணறுகின்றன என்று பொருள். ‘மீன் விளையாடுகிறது’ என்று நினைத்து ரசித்துவிட்டு வந்தால், மறுநாள் செத்து மிதப்பதைப் பார்க்க நேரும்.

மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு மேல் கரைந்த ஆக்சிஜன் இருப்பது நல்லது. 3க்குக் கீழே போனால் மீன் சுணங்கும். இரண்டு நாள் தொடர்ந்து மேகமூட்டம், புதிதாகக் கலந்த சாக்கடை, அடர்ந்த பச்சைப் பாசி, கோடை கடைசியில் வற்றிய தண்ணீர் ஆகிய நான்கில் இரண்டு சேர்ந்தாலே ஆபத்து. கோடையின் முதல் மழையில் நகரத்து ஏரிகளில் மீன் செத்து மிதக்கும் செய்தி வருவது இதனால்தான். தெருவில் மாதக்கணக்காகக் கிடந்த அழுக்கெல்லாம் ஒரே நாளில் உள்ளே வந்துவிடுகிறது.

நிறத்தையும் பாருங்கள். இளம் பச்சை அல்லது பழுப்பு கலந்த பச்சை நல்லது. பெயின்ட் ஊற்றியது போல் அடர் பச்சை இருந்தால் சத்து மிதமிஞ்சிவிட்டது. கருப்பு என்றால் அழுகல். உங்கள் குட்டையில் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் மீனுக்கு இயற்கை உணவு குறைவு, கொஞ்சம் மக்கிய சாணம் போடலாம். மணிக்கட்டிலேயே கை மறைந்துவிட்டால் உரத்தை நிறுத்துங்கள். நகரத்து ஏரியில் இந்தச் சோதனை வேண்டாம், அந்தத் தண்ணீரில் கையை விடாதீர்கள்.

ஆகாயத்தாமரை எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு மூலை அளவு இருக்கும்போது பத்து ஆள் ஒரு நாளில் இழுத்துப் போட்டுவிடலாம். பாதி ஏரியை மூடியபின் இயந்திரம் வர வேண்டும்.

தூண்டில் போடுபவர் யாராவது இருந்தால் என்ன மீன் விழுகிறது என்று கேளுங்கள். விரால், கெளுத்தி, கெண்டை என்று சொன்னால் சரி. ஜிலேபி மட்டும்தான் என்றால் மற்ற மீன்கள் தாக்குப்பிடிக்கவில்லை என்று யோசிக்க வேண்டும். உடம்பெல்லாம் கவசம் மாதிரி சொரசொரப்பாக, வாய் அடியில் இருக்கும் ஒரு மீன் விழுகிறது என்றால் அது கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னவென்று வளர்க்கும் ‘டேங்க் கிளீனர்’. வண்ணமீன் வளர்ப்பவர்கள் பெரிதானதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அது வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும், விலைக்கும் போகாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி அதைவிட மோசம். மற்ற மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். இந்தியாவில் அதை வளர்க்கவே தடை இருக்கிறது. யார் மலிவாகக் குஞ்சு தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

சேத்துப்பட்டில் ஒரு பாடம்

இன்னொரு நாள் நேரம் கிடைத்தால் சேத்துப்பட்டு ஏரிக்குப் போய்வாருங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்துக்கு நடுவில் கேட்பாரற்றுக் கிடந்த நீர்நிலை, மீன்வளத் துறையின் கையில் 2016 இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தண்ணீரைச் சுற்றி நடைபாதை, படகு, கட்டணம் கட்டித் தூண்டில் போட இடம் என்று எல்லாம் இருக்கிறது.

அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சிறிய நீர்நிலைதான். ஆனால் அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், தினமும் சுற்றி வர ஆள் இருக்கிறது, நுழைவுக் கட்டணமாக ஒரு வருமானம் இருக்கிறது. பாசனம் போனபின்னும் ஒரு நீர்நிலைக்குப் பயன் இருந்தால், அந்தப் பயனே அதற்குக் காவல். உங்கள் ஊர் ஏரியில் மீன் பாசி ஏலம் விடுகிறீர்களே, அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது கரைக்கும் மதகுக்கும் ஒதுக்கினால் நீர்க்கட்டியைத் திரும்பக் கொண்டுவந்தது போலத்தான். ஏலம் எடுப்பவர் மீன் பிடிக்க வசதியாக மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையையும் எழுத்தில் போடுங்கள்.

பொட்டல் காட்டில் ஒரு குட்டை

ஏரிப் பாசனம் இல்லாத மானாவாரிக்காரர்கள் ‘இது நமக்கு இல்லை’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ராமநாதபுரத்துப் பொட்டலோ, தூத்துக்குடித் தேரியோ, பண்ணைக் குட்டைக்கும் இதே சுற்றுதான். நடக்கும் தூரம் மட்டும் குறைவு.

ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒரு லட்சம் லிட்டர். அதில் ஓடி வரும் பங்கைப் பிடிக்கத்தான் குட்டை. வெட்டுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். ஈர மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உருண்டை பிடித்து, மேலே எறிந்து பிடியுங்கள். உடையாமல் கைக்கு வந்தால் தண்ணீர் நிற்கும். உதிர்ந்தால் நிற்காது. தேரி மணலில் நிச்சயம் உதிரும், அங்கே ஷீட் விரித்தால்தான் தண்ணீர் தங்கும்.

குட்டையில் ஒரு கம்பை நட்டு, அதில் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். நம் கோடையில் வெயில் குடிக்கும் தண்ணீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 முதல் 8 மில்லிமீட்டர். மாதத்துக்கு 15 முதல் 24 சென்டிமீட்டர். நீங்கள் இறைக்காமலேயே அதைவிட வேகமாக மட்டம் இறங்கினால் குட்டை எங்கோ கசிகிறது. கரையைச் சுற்றி வந்து கசிவைத் தேடுங்கள்.

ஐந்தடி ஆழத் தண்ணீர் ஆறேழு மாதம் நிற்கும் என்றால் மீன் விடலாம். 10 சென்ட் பரப்புக் குட்டைக்கு 200 முதல் 400 குஞ்சு போதும். புதியவர்கள் 200 இல் தொடங்குங்கள். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 80, நடுமட்டத்து ரோகு 60, அடியில் மேயும் மிர்கால் 60. இப்படிக் கலந்து விட்டால் ஒன்றின் தீவனத்தை இன்னொன்று பிடுங்காது. தண்ணீர் தங்கும் காலம் குறைவு என்பதால் பொடிக் குஞ்சு வேண்டாம். விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். குஞ்சு விடுவதற்கு முன் 10 சென்டுக்கு 10 கிலோ சுண்ணாம்பு போடுங்கள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து, மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தினமும் கொடுக்கலாம். போட்ட தீவனம் மறுநாள் மிச்சம் இருந்தால் அளவைக் குறையுங்கள். மிச்சத் தீவனம் அழுகித்தான் ஆக்சிஜனைத் தின்கிறது.

விடியற்காலைச் சுற்றில் மீன் மேலே வந்து திணறுவதைப் பார்த்தால், அன்று தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே எடுத்து உயரத்தில் இருந்து பீய்ச்சி அடியுங்கள். காற்று கலந்து விழும் தண்ணீர் மீனைக் காப்பாற்றும். புதுத் தண்ணீர் விட வசதி இருந்தால் இன்னும் நல்லது. இதைச் செய்ய ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் கரையில் இருக்க வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது?

வேளாண் உதவி அலுவலர்களுக்கும் இது உதவும். ஒரு பக்கத்தில் ஏரியின் வெளிக்கோட்டை வரையுங்கள். கரை தாழ்ந்த இடம், கசிவு, வளை, மதகு, கலங்கல், கால்வாய்கள், கழிவுநீர் விழும் இடம், ஆகாயத்தாமரை, புதிதாக முளைத்த வேலி ஆகியவற்றை அந்தந்த இடத்தில் குறியுங்கள். தேதி போடுங்கள். செல்போனில் அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில் நின்று எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்த அலுவலரும் ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்று சொல்ல முடியாது.

வருஷத்துக்கு நான்கு சுற்று போதும். சித்திரையில் ஒன்று, ஏரி வற்றிய நேரத்தில் வண்டலும் மதகும் பார்க்க. வண்டல் மண் எடுக்க வேண்டும் என்றால் வட்டாட்சியர் அனுமதியோடு எடுக்கலாம், விண்ணப்பிக்க அதுதான் நேரம். புரட்டாசியில் ஒன்று, பருவமழைக்கு முன் கரையும் கலங்கலும் பார்க்க. கார்த்திகையில் ஒன்று, தண்ணீர் நிற்கும்போது வெளிப்புறக் கசிவு பார்க்க. மாசியில் ஒன்று, மிச்சத் தண்ணீரும் மீனும் பார்க்க. ஒவ்வொரு சுற்றுக்கும் ஊரில் இருந்து இரண்டு இளைஞர்களை உடன் அழைத்துப் போங்கள். மதகுக்கும் கலங்கலுக்கும் வித்தியாசம் தெரியாத தலைமுறை வந்துவிட்டது. முகப்பேரில் ஏரியைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் அது தெரிந்துதான் இருந்தது.

மணி எட்டு ஆகப்போகிறது, வெயில் ஏறிவிட்டது. திரும்புங்கள். வீட்டில் எழுந்து, ‘தாத்தா எங்கே போனீங்க?’ என்று பேரன் கேட்பான். நோட்டைக் காட்டுங்கள். நாளைக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உங்கள் ஏரியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கடைசியாக எப்போது சுற்றினீர்கள் என்று யோசித்தால், சிலருக்கு வருஷக்கணக்கில் பதில் வரலாம். அதுவரை ஏரி உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. இனியும் அதைக் காக்கவைக்க வேண்டாம்.